அம்மாவின் குடலும் தொடைத் தசையும்

குடல் அழற்சி நோய் உள்ள வயதானவர்களிடம் நாம் எல்லாரும் வயிற்றைப் பற்றியேதான் விசாரிக்கிறோம். இன்றைக்கு எத்தனை தடவை போனது, ரத்தம் கலந்து வந்ததா, வலிக்கிறதா, சாப்பிட்டது ஒத்துக்கொண்டதா. டாக்டர் கேட்பதும் அதுதான், வீட்டில் கேட்பதும் அதுதான். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்று கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அந்தக் கேள்விக்காகத்தான், அதாவது இந்த நோயோடு சேர்ந்து வரும் உடல் தளர்ச்சிக்காகத்தான், இந்தப் பதிவு.

என் அம்மாவுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்சுவர் அழற்சியால் புண்ணாகி, ரத்தமும் சளியுமாக வெளியேறும் நோய். இப்போது அவருக்கு வயது 71, நோய் தெரியவந்தது அறுபதைத் தாண்டிய பிறகு. அதற்கு முன்னால் ரொம்ப நாள் ஊரே அதை மூலம் என்று சொல்லி, துத்தி இலை, நாட்டு மருந்து, களிம்பு என்று போனது. நம் பக்கத்தில் இது சாதாரணமாக நடக்கிறது. மலத்தில் ரத்தம் என்றாலே மூலம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள், வயதானவர்கள் அதைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், கடைசியில் கொலோனோஸ்கோப்பிக்கு (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) போய்ப் படுக்கும்போது உடம்பு பாதி உருகிவிட்டிருக்கும். ஐம்பதைத் தாண்டிய யாருக்காவது மலத்தில் ரத்தம் போனால் தயவுசெய்து பரிசோதனை செய்துவிடுங்கள். புற்றுநோயாகவும் இருக்கலாம், குடல் காசநோயாகவும் இருக்கலாம். நம் நாட்டில் குடல் டிபியும் க்ரோன்ஸ் நோயும் பார்க்க ஒன்றுபோலவே இருந்து, அனுபவமுள்ள டாக்டர்களையே குழப்பக்கூடியவை.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் இரண்டையும் சேர்த்துத்தான் குடல் அழற்சி நோய் என்கிறார்கள். இவை இளவயதுக்காரர்களின் நோய்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1932-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பரில் க்ரோன் என்பவரும் அவரோடு இருந்த இரண்டு மருத்துவர்களும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும் நோயைப் பற்றி எழுதியபோது, இது பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருவது என்றுதான் எழுதினார்கள். ஆனால் இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அது போக, இருபது முப்பது வயதில் நோய் வந்தவர்களும் மருந்தோடு மருந்தாக வாழ்ந்து முதுமைக்கு வந்து சேர்கிறார்கள். ஆகவே இந்த நோயோடு இருக்கும் தாத்தா பாட்டிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போகும்.

சரி, தளர்ச்சிக்கு வருகிறேன். வயதானால் தளர்ந்து போவது இயற்கை என்று விட்டுவிடுகிற விஷயத்தை மருத்துவம் இப்போது அளந்து பார்க்கிறது. 2001-இல் அமெரிக்காவில் லிண்டா ஃப்ரைடு என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 65 வயதைத் தாண்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்து, ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். தானாக எடை குறைவது (ஒரு வருடத்தில் நாலரை கிலோவுக்கு மேல்), எப்போதும் அசதி, கைப்பிடியில் வலுக் குறைவது, நடை மெதுவாவது, உடம்பை அசைத்துச் செய்யும் வேலைகள் குறைந்துபோவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி. ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். இப்படிப்பட்டவர்கள் கீழே விழுவதும், ஆஸ்பத்திரியில் சேருவதும், இறந்துபோவதும் மற்றவர்களைவிட அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தால் ஐந்தும் வரிசையாகத் தெரிந்தன. ரவிக்கையெல்லாம் பிரித்துப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. நனைந்த துண்டைப் பிழிய முடியாமல் அப்படியே சொட்டச் சொட்டக் கொடியில் போடுவார். குக்கர் மூடியைத் திறக்க ஆள் வேண்டும். ரோட்டைக் கடக்கும்போது பாதி வழியில் வண்டி வந்துவிடும். மாலையில் கோயிலுக்குப் போவது நின்றது, அப்புறம் மாடிக்குத் துணி காயப்போடப் போவது நின்றது, அப்புறம் வாசலில் உட்கார்ந்து பேசுவதும் நின்றது. "என்னால முடியலடி" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான்: "வயசாயிடுச்சுல்ல."

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அவரைவிட நாலு வயது மூத்தவர். இன்றைக்கும் தனியாக பஸ் ஏறி நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வரை போய்வருகிறார், ரேஷன் கடையிலிருந்து அரிசி தூக்கி வருகிறார். வயதுதான் காரணம் என்றால் அவரல்லவா முதலில் தளர்ந்திருக்க வேண்டும்? அம்மாவின் தளர்ச்சியில் பெரும் பங்கு நோயினுடையது, இன்னொரு பங்கு நோய்க்காகச் செய்ததும் செய்யாமல் விட்டதும். வயது என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

குடல் நோய்க்கும் காலின் வலுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நிறைய இருக்கிறது. குடலில் அழற்சி இருக்கும்போது அது குடலோடு நிற்பதில்லை. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 6 போன்ற பொருட்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகின்றன. அவை தசையைக் கரைக்கும், பசியைக் குறைக்கும், ரத்தம் ஊறுவதைத் தடுக்கும். வயதானவர்களுக்கு நோய் எதுவும் இல்லாமலே லேசான அழற்சி உடம்பில் இருக்கும், அதன் மேல் இதுவும் சேர்கிறது. தினமும் ரத்தம் போவதால் இரும்புச்சத்து இறங்குகிறது. க்ரோன்ஸ் நோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருந்தால் பி12 உடம்பில் ஏறாது, கால் மரத்துப்போவதும் தடுமாறுவதும் அதனாலும் வரும். எந்த நேரத்தில் அவசரமாக வருமோ என்ற பயத்தில் ஆள் வெளியே போவதையே நிறுத்துகிறார், நடை குறைகிறது, நடை குறையக் குறையத் தசை குறைகிறது. இது எல்லாமே வயிற்றைப் பற்றிய கேள்விகளில் அகப்படாமல் தப்பித்துவிடும்.

அடுத்தது பத்தியம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதிகமாகச் சண்டை நடந்தது இதில்தான். வயிற்றுப்போக்கு என்றதும் நம் வீடுகளில் முதலில் நிற்பது மீனும் முட்டையும். அப்புறம் பருப்பு, வாயுவாம். அப்புறம் பால், அப்புறம் காய்கள். கடைசியில் மிச்சம் இருப்பது கஞ்சி, ரசம் சாதம், மோர் சாதம், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். நோய் கடுமையாக இருக்கும் சில நாட்களுக்கு இது பரவாயில்லை. ஆனால் பத்தியம் தொடங்குகிற நாள் எல்லாருக்கும் தெரியும், முடிகிற நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் பிறந்த அம்மா, மாதக்கணக்கில் மோர் சாதத்தில் இருந்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விபரீதம் தெரியும். நோய் தீவிரமாக இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. 46 கிலோ எடையுள்ளவருக்கு அது கிட்டத்தட்ட 55 முதல் 70 கிராம். ரசமும் மோரும் கஞ்சியும் சேர்ந்து அதில் பாதியைக்கூட எட்டாது. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். நன்றாக வெந்த பாசிப்பருப்பு, தயிர், இட்லி என்று எல்லாம் சேர்த்துத்தான் அந்த அளவுக்குப் போக முடியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வியே, "முட்டை சாப்பிட்டு என்ன ஆச்சும்மா, நீங்களே சாப்பிட்டுப் பாத்தீங்களா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?" என்பதுதான். யாரோ சொன்னதுதான். அவித்த முட்டையில் ஆரம்பித்து, குழம்பில் காரத்தைக் குறைத்து வஞ்சிரத் துண்டு, அப்புறம் குழைய வேகவைத்த பருப்பு என்று ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. சிலதுக்கு வயிறு முரண்டு பிடித்தது, பால் அவருக்கு ஆகவே இல்லை, தயிர் ஆனது. க்ரோன்ஸ் நோயில் குடல் சுருங்கி அடைப்பு உள்ளவர்களுக்கு நார் உள்ள காய்கள் சிக்கலாகும், அவர்கள் அதற்குத் தகுந்தபடிதான் சாப்பிட வேண்டும். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பத்தியம் என்று எதுவும் கிடையாது.

இப்போது ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் மாத்திரை நல்ல மருந்து, இல்லையென்று நான் சொல்லவே மாட்டேன், ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வாரத்தில் அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது அதுதான். வழக்கமாக 40 மில்லிகிராம் அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைத்து சில வாரங்களில் நிறுத்துவார்கள். அது நெருப்பை அணைக்க வருவது, தினசரி மருந்தல்ல. ஆனால் நிறைய வயதானவர்கள் விஷயத்தில் அது தினசரி மருந்தாகவே ஆகிவிடுகிறது. அம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது. கொஞ்சம் ரத்தம் தெரிந்தால் பழைய சீட்டைக் கொண்டுபோய்த் தெருமுனை மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வார், கடைக்காரரும் முகம் தெரிந்தவர் என்று கொடுத்துவிடுவார், ரத்தம் நிற்கும், நிறுத்துவார், திரும்ப வரும். யாரிடமும் சொல்லவில்லை. அதனால் பலன் இருந்ததால் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ஸ்டீராய்டு நீண்ட நாள் போனால் முதலில் அடிவாங்குவது தொடையும் இடுப்பும் சார்ந்த பெரிய தசைகள். கையெழுத்துப் போடலாம், தலை சீவலாம், ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாது, படியேற முடியாது. எலும்பு பொடியும், சர்க்கரை ஏறும், கண்புரை வரும், தொற்று சுலபமாகப் பிடிக்கும். ஏற்கெனவே தளர்ந்த உடம்புக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: பல வாரங்கள் எடுத்தவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு அதற்குள் தூங்கிப்போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி ஆளே சுருண்டு விழுவார். டாக்டர் சொல்கிற கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

ஏன் வயதானவர்களுக்கு ஸ்டீராய்டு இவ்வளவு போகிறது என்றால், அடுத்த கட்ட மருந்துகளைக் கொடுக்க எல்லாருக்கும் பயம். "இந்த வயசுல இம்யூனிட்டிய கொறைக்கிற ஊசியெல்லாம் வேணாம்மா" என்று ஒரு டாக்டர் சொன்னார், நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். எங்களுக்கும் அப்போது அது அக்கறையாகவே பட்டது. ஆனால் ஸ்டீராய்டும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்துதானே. மலிவாக, மாத்திரையாக, பழகின பெயரோடு இருப்பதால் அது பாதுகாப்பானதாக ஆகிவிடாது.

இந்த இடத்தில்தான் வயதையும் தளர்ச்சியையும் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்தது. 2020-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பாரதி கோச்சார் என்ற குடல் நோய் மருத்துவரின் குழு, குடல் அழற்சி நோய்க்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஆரம்பித்தவர்களின் பதிவேடுகளைப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டது. டிஎன்எஃப் தடுப்பு மருந்து (முன்னால் சொன்ன டிஎன்எஃப்பை அடக்கும் ஊசி) போட்டுக்கொண்டவர்களில், சிகிச்சைக்கு முன்பே தளர்ந்திருந்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு அடுத்த ஒரு வருடத்தில் தொற்று வந்தது. தளராதவர்களில் 9 சதவீதம். வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் கழித்த பிறகும் தளர்ச்சியின் பங்கு தனியாக நின்றது. அதாவது, 71 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒருவருக்கு மருந்து தாங்குமா தாங்காதா என்று சொல்ல முடியாது, அவர் எப்படி நடக்கிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், எடை என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இதைப் படித்ததும் "அப்போ தளர்ந்தவங்களுக்கு மருந்தே கொடுக்கக் கூடாது" என்று சிலர் முடிவுக்கு வருவார்கள். அதே குழு பிறகு செய்த இன்னொரு ஆய்வு அதற்கு நேர் எதிரான பக்கத்தைக் காட்டியது. டிஎன்எஃப் தடுப்பு மருந்துக்கு நோய் நன்றாகக் கட்டுப்பட்டவர்களிடம், கட்டுப்படாதவர்களைவிடத் தளர்ச்சி குறைவாக இருந்தது. தளர்ச்சியை உண்டாக்குவதே குடலில் எரிகிற அழற்சி என்றால், அதை அணைக்காமல் உடம்பைத் தேற்ற முடியாது. தளர்ந்திருக்கிறார் என்பதற்காக அரைகுறைச் சிகிச்சை, அரைகுறைச் சிகிச்சையால் இன்னும் தளர்ச்சி என்று போகும் சுற்றுப்பாதையை எங்காவது ஓரிடத்தில் அறுத்துத்தான் ஆக வேண்டும். மருந்து ஆய்வுகளில் வயதானவர்களை அதிகமாகச் சேர்ப்பதும் இல்லை, வயது வரம்பு வைத்தோ வேறு நோய் இருக்கிறது என்று சொல்லியோ ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் டாக்டர்கள் தயங்குவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் தயக்கத்தின் விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.

மருந்துகளில் எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், இருந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருந்தால் கேள்வி கேட்க உதவும். லேசான, மிதமான அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு மெசலமைன்தான் அடிப்படை, மாத்திரையோடு எனிமாவாகவும் ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரையாகவும் கொடுப்பார்கள், வயதானவர்கள் எனிமா போட்டுக்கொள்ள ஒருக்களித்துப் படுக்கவும் அதை உள்ளே தக்கவைக்கவும் சிரமப்படுவார்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் இரண்டும் டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள், அவை தொடங்கும் முன் டிபி பரிசோதனை கட்டாயம், நம் நாட்டில் உறங்கிக்கிடக்கும் டிபி கிருமி ஏராளமானவர்களின் உடம்பில் இருக்கிறது. வெடோலிசுமாப் பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்வது, அதனால் வயதானவர்களுக்கு டாக்டர்கள் இதைப் பற்றி அதிகம் யோசிக்கிறார்கள். டோஃபாசிட்டினிப் மாத்திரை இங்கே மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் இதய நோய் வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு மாரடைப்பு, ரத்தக்கட்டு அபாயம் உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-இல் கடுமையான எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதை எழுதினால், வேறு வழி இல்லையா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மாவுக்குக் கடைசியில் வெடோலிசுமாப்தான் முடிவானது, எட்டு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள்.

வலி மாத்திரைகளையும் சொல்லாமல் விடக் கூடாது. முழங்கால் வலிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் போடும் டைக்லோஃபெனாக் ஊசி, தைலம் தேய்ப்பதோடு கூடவே விழுங்கும் வலி மாத்திரைகள் இதெல்லாம் அடங்கிக் கிடக்கும் குடல் நோயைக் கிளப்பிவிடக்கூடியவை. எந்த டாக்டரிடம் போனாலும், அவர் எலும்பு டாக்டரோ பல் டாக்டரோ, குடல் நோய் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். அம்மாவின் பர்ஸில் ஒரு சீட்டில் எல்லா மருந்தின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறோம்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஒரு விஷயம் நடந்தது. நர்ஸ் ஹெப்பாரின் ஊசியோடு வந்தார், ரத்தம் உறையாமல் இருக்க. "ரத்தமா போயிட்டிருக்கு, இதுல ரத்தத்த இளக்குற ஊசி போடுறாங்களே" என்று மாமா சத்தம் போட்டுவிட்டார். கேட்கிறவர்கள் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் குடல் அழற்சி தீவிரமாக இருக்கும்போது காலில், நுரையீரலில் ரத்தக்கட்டு வரும் அபாயம் பல மடங்கு கூடுகிறது, வயதும் படுக்கையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அதனால் மிக மோசமாக ரத்தம் கொட்டினாலொழிய அந்த ஊசி போட்டே ஆக வேண்டும். வீட்டில் இருக்கும்போதும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இரவு நேரக் கழிப்பறை இன்னொரு ஆபத்து. அவசரமாக வருகிறது, தூக்கக் கலக்கம், இருட்டு, ஈரத் தரை, வலு இல்லாத தொடை, ஸ்டீராய்டில் பொடிந்த எலும்பு. இத்தனையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறியாமல் இருப்பது அதிர்ஷ்டம்தான். வயதானவர்கள் குடல் நோயால் விழுகிறார்கள் என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை, வழுக்கி விழுந்தார் என்றுதான் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட்டை மாற்றி வெஸ்டர்ன் வைத்தோம், பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி, கட்டிலிலிருந்து கதவு வரை விடிய விடிய எரிகிற சின்ன விளக்கு. கால்மிதியை எடுத்துவிட்டோம். வெளியூர் போகும்போது பெரியவர்களுக்கான டயப்பர் வைத்துக்கொள்வார், ஆரம்பத்தில் அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார், கல்யாணத்துக்குப் போக முடிந்ததும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கௌரவம் என்று நினைத்து இதைப் பேசாமல் இருக்கிற வீடுகளில் அந்த அம்மாக்கள் எந்த விசேஷத்துக்கும் போகாமல் உள்ளறையிலேயே இருந்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். ஆசிய நாடுகளின் தசைக்குறைவு ஆய்வுக்குழு 2019-இல் வெளியிட்ட அளவுப்படி, அதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலின் மிகப் பருமனான இடத்தில் டெய்லர் டேப்பைச் சுற்றிப் பார்க்கலாம், ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் தசை கரைந்திருக்கலாம். கால் வீக்கம் இருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும். ஆஸ்பத்திரியில் கைப்பிடி வலுவையும் கருவி வைத்து அளப்பார்கள், அதில் ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ எல்லை. கனடாவின் கென்னத் ராக்வுட் குழு உருவாக்கிய அளவுகோல் இன்னும் எளிது, ஒருவர் அன்றாட வேலைகளில் எதை எதைத் தானே செய்கிறார், எதற்கு ஆள் வேண்டும் என்று பார்த்து 1 முதல் 9 வரை ஓர் எண் கொடுப்பது. கடைக்குப் போக, பணக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்ற நிலையிலேயே அது 5 ஆகிவிடுகிறது. அம்மாவை முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது குளிக்கவே துணை வேண்டியிருந்தது, 6.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சிகள் எல்லாம் சாதாரணமானவை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது, வாசலிலிருந்து தெருக்கோடி வரை நடை. நடந்தால் மட்டும் போதும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், நடையோடு தசைக்கு வலு கொடுக்கும் பயிற்சியும் வேண்டும், புரதமும் கூடவே போக வேண்டும், ஒன்றில்லாமல் மற்றதால் பெரிய பலன் இல்லை. மருந்து வேலை செய்யத் தொடங்கி, கழிப்பறைக்குப் போவது குறைந்து, சாப்பாடு உள்ளே தங்கிய பிறகுதான் பயிற்சியில் அவருக்கு மனமே வந்தது. வளையல் இப்போது மணிக்கட்டிலேயே நிற்கிறது. துண்டை அவரே பிழிந்து போடுகிறார். முழுசாகப் பழையபடி ஆகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன், தரையிலிருந்து எழ இன்னமும் ஒரு கை வேண்டும், மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுகிறார்.

அறுவை சிகிச்சை வரை போகிறவர்களும் உண்டு. மருந்துகளெல்லாம் கைவிட்டு, ஆள் எலும்பும் தோலுமான பிறகு அவசரமாக நடுராத்திரியில் செய்வதைவிட, முன்கூட்டியே திட்டமிட்டு, சில வாரம் சத்துணவும் பயிற்சியும் கொடுத்து, ஸ்டீராய்டைக் குறைத்து, ரத்தசோகையைச் சரிசெய்து செய்வது வயதானவர்களுக்கு எவ்வளவோ மேல். ஆபரேஷன் என்ற பேச்சு வந்தாலே தள்ளிப்போடும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யாரிடம் போவது என்று கேட்கிறவர்களுக்கு: குடல் நோய் டாக்டரோடு முதியோர் மருத்துவர் ஒருவரும் பார்ப்பது நல்லது. இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி, சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்ய வீட்டுக்கே ஆள் வருகிறார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அப்புறம் தடுப்பூசி. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஆரம்பிக்கும் முன்பே போட்டுவிட்டால் நல்லது: ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் பி, அக்கிக்கான ஊசி. அக்கிக்கு உயிருள்ள கிருமி இல்லாத ஊசி 2023-இலிருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை, விலை கூடுதல்தான். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் எதுவும் இந்த மருந்துகளோடு கூடாது. அம்மாவுக்கு ஃப்ளூவும் நிமோனியாவும் போட்டாகிவிட்டது, அக்கி ஊசியின் இரண்டாவது தவணை பாக்கி. எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனை அடுத்த டிரிப்ஸ் நாளிலேயே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கும் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.